அடித்த இடம் சுடும்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பேத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொறியியல் கல்லூரியில் எம்.இ. படிக்கிறாள். முப்பத்து மூன்று வருஷம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்தியவன் என்பதால், புராஜெக்டுக்கு எஃகுத் தகடு எங்கே வெட்டி வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வந்திருந்தாள்.

திரையில் ஒரு படம் ஓட்டிக் காட்டினாள். ஒரு உருண்டைக் கம்பி வேகமாக வந்து தகட்டில் மோதி, துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகிறது. தகடு முழுக்க நீலம், பச்சை, மஞ்சள், நடுவில் ரத்தச் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“சிவப்பா இருக்கே, அதுதான் சூடா பாப்பா?”

“இல்ல தாத்தா, அது ஸ்ட்ரெஸ்.”

“அப்போ சூடு எங்க?”

“டெம்பரேச்சரை 25 டிகிரின்னு வச்சிட்டேன் தாத்தா. அதையும் சேர்த்தா ராத்திரி முழுக்க ஓடும்.”

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்த ஒரு பட்டறையின் விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. கம்பி தகட்டைத் துளைக்கும்போதும் அந்தத் தகடு 25 டிகிரியிலேயே இருந்ததாம். சுத்தியல் பிடித்த எவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ‘இரும்புச் சமாச்சாரம் நமக்கு எதற்கு’ என்று தள்ளிவிடாதீர்கள். கடைசியில் நம் பட்டாசு ஆலை வாசலில்தான் வந்து நிற்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, பத்துப் பன்னிரண்டு தடவை வேகமாகச் செய்யுங்கள். உடனே அந்த இடத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள், சுடும். நெருப்பு எதுவும் காட்டவில்லை. உங்கள் கை கொடுத்த வேலைதான் சூடாக மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் ஜி.ஐ. டெய்லரும் குயின்னியும் 1934-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். உலோகத்தை நிரந்தரமாக வளைக்கவோ நசுக்கவோ செலவாகும் வேலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சூடாகிவிடுகிறது. மீதிதான் உலோகத்துக்குள் தங்குகிறது.

மெதுவாக வளைத்தால் அந்தச் சூடு பக்கத்து இரும்புக்குள் பரவி, காற்றிலும் கலந்து போய்விடும். அடி அப்படியில்லை. சுத்தியல் அடி ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. பத்தாயிரத்தில் ஒரு விநாடி என்று எடுத்துக்கொண்டால், அதற்குள் எஃகில் சூடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூட நகர முடியாது. பிறந்த இடத்திலேயே அடைபட்டுக் கிடக்கும்.

எவ்வளவு சூடு? நாங்கள் படித்த காலத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். நல்ல கெட்டி எஃகு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோ தாங்குவது. அது தன் கனத்தின் அளவுக்கே பக்கவாட்டில் சரிந்து நசுங்கினால் அந்த இடத்தில் சுமார் 240 டிகிரி ஏறும். சூடேறிய இரும்பு இளகும். இளகிய இடத்தில்தான் அடுத்த சரிவும் நடக்கும். சரிவு கூடக்கூட இன்னும் சூடு, இன்னும் இளக்கம். கடைசியில் மொத்தச் சரிவும் தலைமுடி அகலத்துக்கும் குறைவான ஒரு கோட்டில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கோட்டில் சரிவு மூன்று நான்கு மடங்கானால் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டலாம். சுற்றிலும் உள்ள இரும்போ கையில் பிடிக்கும் சூட்டில்தான் இருக்கும்.

இதைக் கண்ணால் கண்டவர் உண்டு. பிரான்சில் ஹென்றி திரெஸ்கா என்ற பொறியாளர் 1878-ல் எழுதியிருக்கிறார். பிளாட்டினக் கட்டியைச் சூடாக்கி, செந்நிறம் மறையும் நேரத்தில் சம்மட்டியால் அடித்தபோது, அடி விழுந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள் மறுபடி ஒளிர்ந்தன. பிறகு 1944-ல் அமெரிக்காவில் ஜீனரும் ஹாலமனும், துளையிட்ட எஃகுத் தகட்டை வெட்டி மெருகேற்றி அமிலம் தடவிப் பார்த்தார்கள். துளையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான்.

அந்த வெள்ளைக் கோடு என்ன? இங்கேதான் நம் ஆசாரி வருகிறார். உளியைக் காய்ச்சிச் செக்கச்செவேல் என்றானதும் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும் என்பது கொல்லுப் பட்டறை இருந்த ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். சுமார் 727 டிகிரிக்கு மேல் எஃகின் உள் அமைப்பு வேறு உருவத்துக்கு மாறுகிறது. அதற்கு ஆஸ்டினைட் என்று பெயர். திடீரென்று ஆறவைத்தால் பழைய உருவத்துக்குத் திரும்ப நேரம் கிடைக்காமல் மார்ட்டன்சைட் என்ற மூன்றாவது உருவத்தில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி மாதிரி கெட்டி, கண்ணாடி மாதிரியே நொறுங்கும். அதனால்தான் ஆசாரி தோய்த்ததோடு விடாமல், மறுபடி இளஞ்சூடு காட்டி, மஞ்சள் ஓடுகிறதா ஊதா ஓடுகிறதா என்று நிறம் பார்த்து நிறுத்துவார்.

அடி விழுந்த அந்த மெல்லிய கோட்டிலும் இதே வேலை நடக்கலாம். கண் இமைக்கும் முன் காய்ச்சல். சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பே தண்ணீராக நின்று தோய்ச்சலையும் முடித்துவிடும். தொட்டித் தண்ணீரைவிட வேகமான தோய்ச்சல் அது. இளஞ்சூடு காட்டத்தான் ஆள் இல்லை. வெள்ளைக் கோடுகள் எல்லாமே இப்படி உருமாறியவை அல்ல. சிலவற்றில் மணிகள் நசுங்கி மிக நுண்மையாகியிருக்கும், அவ்வளவுதான். எது எந்த வகை என்று தீர்மானிக்க, அந்த இடத்தில் சூடு எவ்வளவு ஏறியது என்ற கணக்கு வேண்டும். பேத்தி விட்டுவிட்ட கணக்கு அதுதான்.

இந்தக் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்காலத்தில். அதற்கு முன் ஒரு பையனின் கண்ணில் தெரிந்துகொண்டேன்.

பணிக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். உளி தட்டித் தோய்ச்சல் போடுவது பயிற்சியில் ஒரு பாடம். நுனி ஒரு அங்குலம் மட்டும்தான் தோய்க்க வேண்டும். அடி வாங்கும் தலை மென்மையாகவே இருக்க வேண்டும். ஒரு பையன் அவசரத்தில் உளி முழுவதையும் காய்ச்சி முழுவதையும் தண்ணீரில் போட்டுவிட்டான். நான் நுனியில் அரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அரம் வழுக்கியது. நல்ல தோய்ச்சல் என்று மார்க் போட்டுவிட்டேன். தலையில் அரம் வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த உளியை வேறொரு பையன் எடுத்தான். வைஸில் துண்டைப் பிடித்து நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ. ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுத்தியலைப் போட்டுவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டான். ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “இரும்பா? காந்தத்துக்கு வருமா?” வரும் என்றேன். துண்டை எடுத்துக் காட்டியபோது எள்ளில் பாதிகூட இல்லை. பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

‘சுத்தியலோடு சுத்தியலை அடிக்காதே’, ‘விரிந்த உளித் தலையைத் தேய்த்துவிட்டு அடி’, ‘கண்ணாடி போடு’ என்று சுவரில் எழுதித்தான் வைத்திருந்தோம். ஏன் என்று எழுதவில்லை. எழுத எனக்கே தெரியாது. கெட்டித் தலையில் விழும் அடி ஒரு மெல்லிய கோட்டில் சேர்ந்து, சூடாகி, சில்லாகப் பிய்ந்து துப்பாக்கி ரவை மாதிரி பறக்கும் என்று தெரிந்திருந்தால், அன்று தலையிலும் அரம் வைத்திருப்பேன். ஏன் என்று தெரியாத விதியை மனசு பாதிதான் பிடித்துக்கொள்ளும் என்பது அன்று எனக்குக் கிடைத்த பாடம்.

சூடு எப்போதும் உருமாற்றத்தைத் தூண்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அடுக்களையில் இருக்கும் எவர்சில்வரில் கதை தலைகீழ். நிக்கல் சேர்த்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, அது ஆஸ்டினைட் உருவத்திலேயே இருப்பதால். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பாத்திரங்களின் தட்டையான பகுதியிலும் மடித்த விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் தட்டையில் வழுக்கும், விளிம்பில் லேசாகப் பிடிக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம். அச்சில் அழுத்தி இழுத்த இடத்தில் மட்டும் உலோகம் மார்ட்டன்சைட்டாக மாறியிருக்கிறது. பாத்திரம் முழுக்கப் பளிச்சென்று ஒட்டினால் அது நிக்கல் இல்லாத வேறு ரகம். 1992-லிருந்து வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய்க் காசு அந்த ரகம்.

இந்த எவர்சில்வர் மாற்றம் குளிரில் அதிகம் நடக்கும், சூட்டில் குறையும். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வெப்ப வரம்பு உண்டு. 1954-லேயே ஏஞ்சல் என்பவர் அதற்குக் கணக்குச் சூத்திரம் கொடுத்துவிட்டார். சில கலவைகளில் அந்த வரம்பு சாதாரண அறை வெப்பத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட தகடாக இருந்தால், மார்கழி விடிகாலையில் அழுத்துவதும் நம் ஊர்ச் சித்திரை மதியம் அழுத்துவதும் ஒன்றாகாது. வாங்கி வைத்த டம்ளர் யாரும் தொடாமலே விளிம்பிலிருந்து நெட்டுக்குக் கீறல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அழுத்தும்போது இப்படி அதிகமாக மாறிப்போய், உள்ளே இழுவிசையும் தங்கிவிட்டால், நாள் கழித்து அப்படி வெடிப்பு விடுவதுண்டு.

அதே தகட்டை அடித்தால்? தொடக்கத்தில் வேகமான அடி மாற்றத்தைத் தூண்டும். ஆனால் அடியின் சூடு ஏறியதும் அந்தச் சூடே மாற்றத்தைத் தடுத்துவிடும். ஆக, மெதுவாக இழுத்துச் சோதித்த தகடு காட்டும் பலம், மோதலில் அப்படியே வராது. இது வீட்டுப் பாத்திரத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. மோதும்போது உருமாறிக் கெட்டிப்படும்படி கலவை செய்த எஃகை இன்றைக்குக் கார் உடம்பில் போடுகிறார்கள். நம் ஊரைத் தொட்டுப் போகும் நான்குவழிச் சாலையில் அந்தக் கார்களில்தான் நம் பிள்ளைகள் போகிறார்கள்.

இப்போது பேத்தியின் கணக்குக்கு வருகிறேன். மறுபடி வந்தபோது, “இந்த எண்களெல்லாம் எங்கிருந்து எடுத்தே?” என்று கேட்டேன். 1983-ல் ஜான்சனும் குக்கும் அமெரிக்காவில் கொடுத்த சூத்திரமாம். ஐந்து எண்களைப் போட்டால் எஃகின் குணம் வந்துவிடும். 4340 என்ற ரகத்துக்கு 792, 510 என்று தொடங்கும் அந்த எண்கள் உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இவள் வாங்கப்போவது நம் கடைகளில் கிடைக்கும் ஈ.என்.24. ஏறக்குறைய அதே கலவைதான். ஆனால் அந்த எண்கள் குறிப்பிட்ட ஒரு தோய்ச்சல் போட்ட எஃகுக்கு எடுத்தவை. நம் கடைத் துண்டு எந்தத் தோய்ச்சலில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஜான்சன்–குக் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எளிமையான, பயனுள்ள சூத்திரம். சூடேறினால் எஃகு இளகும் என்பதற்கு அதிலேயே இடம் இருக்கிறது. அதையும் நாம் அணைத்து வைத்துவிடுகிறோம். எஃகு உருமாறும் என்பதுதான் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. எவர்சில்வருக்கு 1975-ல் ஓல்சனும் கோஹனும் உருமாற்றத்துக்கென்றே தனிச் சூத்திரம் கொடுத்தார்கள். அதிலும் வெப்பத்தைப் பொறுத்து எண்கள் மாறும். எந்தச் சூத்திரத்தை எங்கே சேர்ப்பது, சூட்டை எப்படிப் பின்தொடர்வது என்பதில்தான் படிப்பே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வண்ணப் படம் காட்டினால் அது கோலம்தான்.

மாணவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேகமான அடியை அளக்கும் கருவிகள் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. ஆறு மாதத்தில் புராஜெக்ட் முடிக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாங்கிய துண்டின் கெட்டித்தன்மையை அளந்து எழுதலாம். கடையில் ராக்வெல் மெஷின் இல்லாவிட்டாலும் கல்லூரியில் கட்டாயம் இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு சூடாகிறது என்று வைத்துக் கணினியை ஒரு ராத்திரி ஓடவிடலாம், கரண்ட் பில் ஒன்றும் முழுகிப்போகாது. துளைத்த தகட்டை வெட்டி, மெருகேற்றி, நைட்டல் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால், ‘சூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை’ என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரி எழுதக் கூச்சப்படுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

பட்டாசு ஆலை வாசலுக்கு வருவோம் என்று சொன்னேனே. மருந்து இருக்கும் அறையில் மரம், செம்பு, பித்தளை மாதிரி மென்மையான பொருளில் செய்த கருவிகளைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதி. ஆலையில் வேலை செய்யும் யாரையும் கேளுங்கள், “இரும்பு பட்டா தீப்பொறி வரும்” என்பார்கள். சரிதான். அந்தத் தீப்பொறி என்ன? இரும்பிலிருந்து சீவப்பட்ட சில்லு, சீவிய வேலையிலேயே சூடாகி, காற்றில் எரிவது. அந்தப் பையனின் கண்ணில் பாய்ந்த சில்லுக்குத் தம்பி.

ஆனால் பொறி பறந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிட்டால் பாதி விஷயத்தை விட்டுவிட்டோம். கேம்பிரிட்ஜில் பௌடன் என்பவரும் கூட இருந்தவர்களும் 1940-களிலும் 50-களிலும் காட்டியது இதுதான்: வெடிமருந்தை அடிக்கும்போது மொத்த மருந்தும் சூடாக வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி சூடானால் போதும். மணல், கண்ணாடித் தூள் போன்ற கெட்டியான, எளிதில் உருகாத துகள் ஒன்று நடுவில் இருந்தால் சூடு அந்தத் துகளின் முனையில் வந்து சேரும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிக்காரர்களுக்கு இது புதிதா? தீக்குச்சி மருந்தில் கண்ணாடித் தூள் எதற்குச் சேர்க்கிறோம்? உரசும்போது சூடு பிடிக்கத்தானே? அங்கே வேண்டுமென்றே போடுவதை, பட்டாசு அறையில் செருப்பில் ஒட்டிய மணலாக நாமே கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது.

கையில் இருப்பது பித்தளைதானே என்று மருந்தைக் குத்தினாலும், அடியின் சூடு இல்லாமல் போகாது, குறையும், அவ்வளவுதான். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை அந்தக் கொஞ்சச் சூட்டையும் பொறுக்காது. அதனால்தான் 1992-ல் அரசாங்கம் அந்தக் கலவையையே தடை செய்தது. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பட்டாசு மருந்துக் கலவைகளின் வெப்ப ஆபத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். தோல் நிறுவனத்தில் பட்டாசா என்று ஆச்சரியப்படாதீர்கள், உண்மைதான். அந்த மாதிரி ஆராய்ச்சிகள் சொல்வது கலவை அறையில் நிற்கும் பெண்ணுக்குப் புரிகிற தமிழில் போய்ச் சேர வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அந்தப் புகையை நம்மில் பலர் நேரிலேயே பார்த்தோம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விதிகளைப் புதிதாகப் பலகையில் எழுதுகிறார்கள். நான் பயிற்சிக்கூடச் சுவரில் எழுதிய மாதிரியே. காரணத்தையும் கூட ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்: “அடித்த இடம் சுடும். கண்ணுக்குத் தெரியாமல் சுடும்.” போர்மேனுக்கும் புரியும், புதிதாக வந்த பிள்ளைக்கும் புரியும்.

பேத்திக்கு நான் கொடுத்த பட்டறை விலாசம் யாருடையது தெரியுமா? அன்று கண்ணில் அடிபட்டவனுடையது. இப்போது சொந்தமாக லேத் வைத்திருக்கிறான். தகடு வெட்டிக் கொடுத்த அன்று எனக்குப் போன் செய்தான்.

“சார், நீங்க அனுப்பின பாப்பா வந்துச்சு. கண்ணாடி போடாம உள்ள விடலை. ஏன் அண்ணாச்சின்னு கேட்டுச்சு. ஒரு மணி நேரம் உக்கார வச்சுச் சொன்னேன்.”

கணக்கு ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டதாக, மறுநாள் அவளே வந்து சொன்னாள்.